வெலாஸ்கெஸின் பரேஹாவைப் பார்த்து வரைகிறேன், முகம் மூன்று முறையும் சேறாகிவிட்டது. எங்கே தப்பு?

ஆளிவிதை (ஞாயிறு, இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருஷமா வாட்டர்கலர் பழக்கம். ஆயிலுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. ஆப்பிள், பித்தளைச் சொம்பு, கத்திரிக்காய் எல்லாம் போட்டாச்சு. முகம் பழகணும்னா பழைய மாஸ்டர் ஒருத்தரோட படத்தை எடுத்து அப்படியே பார்த்துப் போடுன்னு சொன்னாங்க. பெரும்பாலும் வெர்மீரோட முத்துக் கம்மல் பொண்ணைத்தான் எடுப்பாங்க. நான் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-ல் ரோமில் வரைஞ்ச ஹுவான் தெ பரேஹாங்கிறவரோட படத்தை எடுத்தேன். காரணம் ரொம்பச் சின்னது. அந்த நிறம் எங்க வீட்டு நிறம். எங்க சித்தப்பா ஒரு மாசம் ஷேவ் பண்ணாம இருந்தா அச்சு அசல் பரேஹாதான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் தளத்துல பெரிய சைஸ் படம் இலவசமாவே இருக்கு. இறக்கி ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் எடுத்தேன். கேன்வாஸ் 16க்கு 20 இன்ச். பிரிண்ட்லயும் கேன்வாஸ்லயும் குறுக்க எட்டு, நெடுக்க பத்துன்னு கட்டம் போட்டு ஸ்கெட்ச் முடிச்சேன். வண்ணம்: டைட்டானியம் ஒயிட், ஃப்ளெஷ் டின்ட், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக், கிரிம்சன்.

பிரச்சினை ரெண்டு. ஸ்கெட்ச்லயே ஆள் கொஞ்சம் குதிரை மூஞ்சியா இருக்கார். கட்டம் போட்டும் எப்படின்னு புரியல. ரெண்டாவது, தோல். வெளிச்சம் படுற இடம் சாம்பல் பூசின மாதிரி, நிழல் கரி மாதிரி. நடுவுல பிரஷ்ஷால இழைச்சா மொத்தமும் சேறு. மூணு தடவை வழிச்சுப் போட்டு மறுபடி ஆரம்பிச்சிட்டேன். கேன்வாஸே அழுதிடும் போல இருக்கு.

பழைய_தூரிகை (திங்கள், காலை 6.15)

தம்பி, குதிரை மூஞ்சிக்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூலப் படம் 81.3 செ.மீ. உயரம், 69.9 செ.மீ. அகலம். 16 இன்ச் அகலம் எடுத்தால் உயரம் ஏறத்தாழ 18.6 இன்ச்தான் வர வேண்டும். உங்கள் கேன்வாஸில் கட்டம் சதுரமாக இருக்கும், பிரிண்டில் சதுரமாக இருக்காது. அளந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நீட்டி நீட்டி ஏற்றியிருக்கிறீர்கள், மூக்கும் கூடவே நீண்டுவிட்டது. கேன்வாஸில் மேலே ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துவிட்டு, மிச்ச இடத்தில் மறுபடி கட்டம் போடுங்கள்.

அடுத்து, அந்த ஃப்ளெஷ் டின்ட் ட்யூபை யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். அது யாருடைய சதை என்று ட்யூப் செய்தவரைத்தான் கேட்க வேண்டும். நம் வீட்டில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. அதில் முக்கால்வாசி வெள்ளை. அதோடு அம்பரைக் கலந்தால் சாம்பல் பூக்காமல் என்ன செய்யும்?

செய்த வரைக்கும் ஒரு போட்டோ போடுங்கள். கலரில் ஒன்று, போனிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றி ஒன்று. பக்கத்தில் மூலத்தையும் கருப்பு வெள்ளையாக வையுங்கள்.

கிராஃபைட்_6பி (திங்கள், காலை 9.02)

கிளாசிக்கல் முறைன்னா முதல்ல முழு முகத்தையும் சாம்பல்ல முடிச்சு, காயவிட்டு, அதுக்கு மேல அடிப்பூச்சு தெரியுற மாதிரி மெல்லிசா கலர் படலம், அதான் கிளேஸ், ஏத்தணும் ப்ரோ. நேரடியா கலர் போட்டா சேறுதான். யூடியூப்ல எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.

பழைய_தூரிகை (திங்கள், காலை 9.30)

அப்படி வரைந்தவர்கள் உண்டு, அது நல்ல முறைதான். ஆனால் இந்தப் படம் அப்படி வரைந்தது அல்ல. பெரிதாக்கிப் பாருங்கள். நிழல் பகுதியில் வண்ணம் அவ்வளவு மெலிசு, அடியில் இருக்கும் பூச்சே தெரிகிறது. வெளிச்சம் விழும் நெற்றியிலும் கன்னத்திலும்தான் கெட்டியாக வைத்திருக்கிறார். காயக் காத்திருந்து பத்து அடுக்கு ஏற்றிய முகம் இல்லை அது, சரியான நிறத்தைக் கலந்து சரியான இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்த முகம். ஒருவரைப் பார்த்து வரையும்போது அவர் எப்படி வரைந்தாரோ அப்படியே போய்ப் பார்ப்பதுதான் பாடம். வெர்மீர் படத்துக்கு வேண்டுமானால் உங்கள் கிளேஸை எடுத்துவாருங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

கத்திரிவெயில் (திங்கள், மதியம் 1.20)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 370 வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்ததை ஜெராக்ஸ் கடை பிரிண்டைப் பார்த்துக் காப்பி அடிப்பதில் என்ன இருக்கிறது? சித்தப்பா மாதிரி இருக்கிறார் என்கிறீர்கள். சித்தப்பாவையே ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வையுங்களேன். வெலாஸ்கெஸ் ஆளை எதிரில் நிறுத்தித்தானே வரைந்தார்?

நீலாம்பரி (திங்கள், மாலை 7.45)

கத்திரிவெயில், காப்பி என்ற சொல்லுக்கு நம் பள்ளிக்கூடங்கள் சேர்த்துவிட்ட கெட்ட பெயர்தான் பேசுகிறது. ஓவியர் ரூபென்ஸ் 1628-ல் மாட்ரிட் போனபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஐரோப்பாவே கொண்டாடிய ஆள். அங்கே உட்கார்ந்து என்ன செய்தார் தெரியுமா? அரண்மனையில் இருந்த, இத்தாலிய ஓவியர் டிஷியனின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். டிஷியனின் ஆதாம் ஏவாளும், அதைப் பார்த்து ரூபென்ஸ் வரைந்ததும் இரண்டுமே இன்று மாட்ரிட்டின் பிராதோ மியூசியத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தால் ஆதாமின் உடம்பே வேறு மாதிரி இருக்கும். அப்போது அதே அரண்மனையில் வேலையில் இருந்த இளைஞர்தான் வெலாஸ்கெஸ்.

பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இன்றைக்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கேன்வாஸைத் தாங்கியில் வைத்து நின்று வரையலாம். இரண்டு நிபந்தனைகள் எனக்குப் பிடிக்கும். அளவு மூலத்தை விட ஐந்தில் ஒரு பங்காவது கூடவோ குறையவோ இருக்க வேண்டும், ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. கற்றுக்கொள், ஏமாற்றாதே என்று அர்த்தம். ஆளிவிதை, முடித்ததும் நீங்களும் பின்பக்கம் ‘வெலாஸ்கெஸைப் பார்த்து’ என்று எழுதிவிடுங்கள்.

ரவிவர்மாவையும் நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்த ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார், அவரிடம் இருந்த ஆறுமுகம் பிள்ளை இரவில் ஒளிந்து வந்து சொல்லிக்கொடுத்தார் என்றுதான் வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. பிறகு 1868-ல் ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வந்தபோது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

கத்திரிவெயில் (திங்கள், இரவு 9.10)

நீலாம்பரி அக்கா, ரவிவர்மா கதை என் பக்கம்தான் பேசுகிறது. அவர் பார்த்தது முடிந்த படத்தை அல்ல, வரைகிற கையை. எந்த நிறத்தை முதலில் வைத்தார், எப்போது துணியால் துடைத்தார், எப்போது பின்னால் நகர்ந்து நின்றார், அதெல்லாம் பிரிண்டில் கிடையாது. ரூபென்ஸுக்கோ மூலமே எதிரில் இருந்தது. நம் தம்பிக்கு இருப்பது ஜெராக்ஸ் கடையின் மை.

நீலாம்பரி (திங்கள், இரவு 9.25)

அந்தக் கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_தூரிகை (செவ்வாய், காலை 6.05)

நானும். பிரிண்டை மூடி வைத்துவிடுங்கள் தம்பி. ஸ்கெட்சுக்கு மட்டும் போதும் அது. நிறத்துக்குத் திரையைப் பாருங்கள், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, நைட் மோடை நிறுத்திவிட்டு. பழைய புத்தகங்களில் இருக்கும் அச்சை நம்ப வேண்டாம். இந்தப் படம் 1970 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்குப் போனது. பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிய முதல் ஓவியம் அதுதான். மெட்ரோபாலிட்டனுக்கு வந்த பிறகுதான் மஞ்சள் ஏறிய வார்னிஷை எடுத்தார்கள். அதற்கு முந்தைய அச்சைப் பார்த்து வரைந்தால் வார்னிஷையும் சேர்த்து வரைவீர்கள்.

ரொறன்ரோ_தூறல் (செவ்வாய், இரவு 8.50)

வணக்கம். நான் போன வருசம் நியூயோர்க் போன நேரம் இந்தப் படத்தை நேர பாத்தனான். ஒரு அரை மணித்தியாலம் அதுக்கு முன்னாலயே நிண்டனான். மனுசிக்கு விசர் வந்திட்டுது.

உங்களுக்கு உதவுமோ தெரியேல்ல, எண்டாலும் சொல்லுறன். தூர நிண்டு பாத்தா அந்த வெள்ளைக் கொலர் லேஸ் எண்டு அப்பிடியே விளங்கும். கிட்டப் போனா லேஸே இல்லை. சும்மா வெள்ளையும் சாம்பலுமா கொஞ்ச இழுப்பு, அங்க இங்க ஒரு குத்து, அவ்வளவுதான். எங்கட கண்தான் லேஸ் பின்னுது. முகமும் அப்பிடித்தான். போன்ல பெரிசாக்கிப் பாத்து ஒவ்வொரு மயிரா கீறாதேங்கோ. நான் ஊரில சின்ன வயசில படம் கீறேக்க கண் இமையை ஒவ்வொண்டா எண்ணிக் கீறுவன். அந்த நோயை அண்டைக்குத்தான் விட்டனான்.

ஆளிவிதை (புதன், இரவு 11.15)

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன், பிரிண்ட்ல கட்டம் சதுரமே இல்ல. தலையில அடிச்சுக்கிட்டேன். போட்டோ ரெண்டும் இணைச்சிருக்கேன்.

கருப்பு வெள்ளையில பார்த்ததும் ஒரு விஷயம் முகத்துல அறைஞ்சுது. மூலத்துல நெற்றி வெளிச்சம் தவிர முகம் முழுக்கவே காலரை விட எவ்வளவோ இருட்டு. என் படத்துல கன்னமும் காலரும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பு. என்னையறியாமலே அவரை வெளுக்க வச்சிருக்கேன்.

இன்னொரு சந்தேகம். மூணு வாரம் ஆகியும் முகம் மட்டும் பிசுபிசுன்னு இருக்கு. பின்னணி நாலே நாள்ல காய்ஞ்சிடுச்சு. மழைக்காலம்ங்கிறதாலயா? டர்பன்டைன் வாசம் அம்மாவுக்கு ஆகல, தலைவலிங்கிறாங்க. அதனால வரையும்போது நடுநடுவுல பிரஷ்ஷைத் தேங்காய் எண்ணெயில கழுவிட்டு, துணியில துடைச்சிட்டு, அப்படியே தொடர்ந்து போடுறேன். அது தப்பா?

பழைய_தூரிகை (வியாழன், காலை 5.50)

ஐயோ தம்பி.

தேங்காய் எண்ணெய் காயாது. தலையில் தடவினால் காய்கிறதா? ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட், தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு தானாகவே இறுகிப் படலமாகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணமே கிடையாது. நல்லெண்ணெயும் உதவாது. உங்கள் பிரஷ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அது முகத்துக்குள் போயிருக்கிறது. பின்னணியை ஒரே மூச்சில் போட்டிருப்பீர்கள், பிரஷ் கழுவியிருக்க மாட்டீர்கள், அதனால் அது தப்பித்தது. அம்பர் வேறு சீக்கிரம் காயும் நிறம்.

முகத்தை பேலட் கத்தியால் வழித்து, டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், அம்மாவுக்குத் தொல்லை வேண்டாம். வரையும் நேரத்தில் பிரஷ் கழுவவே வேண்டாம். மூன்று பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சத்துக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு துணியில் துடைத்தால் போதும். உங்கள் சேற்றில் பாதி அந்த ஒரே பிரஷ்ஷால் வந்தது. வேலை எல்லாம் முடிந்த பிறகு தேங்காய் எண்ணெயில் கழுவுங்கள், தப்பில்லை, ஆனால் சோப்புப் போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்வரை அலசிவிடுங்கள்.

கிராஃபைட்_6பி (வியாழன், காலை 8.40)

துணி பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். லின்சீட் நனைஞ்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அது இறுகும்போது சூடாகும், சுருட்டின துணிக்குள்ள சூடு வெளிய போகாது, தானாவே தீப்பிடிக்கும். பயமுறுத்தல, நிஜம். விரிச்சு வெளியில காயப் போடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்தின டப்பாவுல போட்டு மூடி வைங்க. சமையல் கட்டுப் பக்கமே வேண்டாம்.

பழைய_தூரிகை (வியாழன், காலை 8.55)

சரியாகச் சொன்னீர்கள். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நிறம். தம்பி, நான்கே நிறம் எடுங்கள். வெள்ளை, யெல்லோ ஓக்கர், ஒரு வெர்மிலியன் மாதிரியான சிவப்பு, ஐவரி பிளாக். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் சொல்லப்படும் பேலட் இது. நிழலுக்கு உதவியாக பர்ன்ட் சியன்னாவும் அம்பரும் இருக்கட்டும். வெலாஸ்கெஸ் கையில் இருந்தது லெட் ஒயிட். ஈயம், விஷம், அதைத் தேடிப் போக வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். டைட்டானியம் 20-ம் நூற்றாண்டில் வந்த வெள்ளை, மற்ற நிறத்தை வெளுக்க வைப்பதில் லெட் ஒயிட்டை விடப் பல மடங்கு வீரியம். சுண்ணாம்பு மாதிரி ஏறும். அவர் கட்டைவிரல் அளவு எடுக்கும் இடத்தில் நீங்கள் கடுகளவு எடுங்கள்.

மாநிறத் தோலை வெளிச்சமாக்க வெள்ளையிடம் போகாதீர்கள். முதலில் ஓக்கரிடம் போங்கள், அடுத்து சிவப்பிடம், கடைசியாகத்தான் வெள்ளை. ஒரு சாம்பல் அட்டையில் பேனா நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அது வழியாகத் திரையில் நெற்றி, கன்னம், மூக்கின் ஓரம் என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். முகம் என்பதை மறந்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். பார்த்ததைக் கலந்து, எழுதிப் போடுங்கள்.

ஆளிவிதை (ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4.30)

இழை தூங்கிடுச்சு, எழுப்பறேன்.

வழிச்சுட்டு, துடைச்சுட்டு, ஒரு வாரம் சும்மா வச்சேன். அப்புறம் அம்பரை டர்பன்டைன்ல கரைச்சு கேன்வாஸ் முழுக்கத் தேய்ச்சு, துணியால பாதி எடுத்துட்டேன். புதுக் கட்டம், புது ஸ்கெட்ச். இப்ப சித்தப்பா மூஞ்சி திரும்ப வந்திடுச்சு.

அட்டை ஓட்டை வழியா பார்த்தது எனக்குப் பெரிய அதிர்ச்சி. நெற்றியில அந்தப் பளிச்சுனு இருக்கிற இடம் வெள்ளைன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். தனியா பார்த்தா அது ஒரு மங்கின பிஸ்கட் நிறம். அதைச் சுத்தி இருக்கிறது நல்ல ஆரஞ்சு, அடங்கின ஆரஞ்சு. ஓக்கர், சிவப்பு, பர்ன்ட் சியன்னா கலந்து அதைக் கொண்டுவந்தேன். அதுல வெள்ளையே இல்ல! பளிச்சுக்கு மட்டும் ஓக்கரோட வெள்ளை, அதுல பிளாக் ஒரு ஊசிமுனை. அந்த ஊசிமுனை இல்லாம வச்சா எண்ணெய் வழியுற மாதிரி இருந்துச்சு, வச்சதும் குளிர்ந்து தோலாயிடுச்சு.

இன்னொண்ணு. பின்னணியில ஒரு சாம்பல் பச்சை இருக்குல்ல, அதுக்காகப் பச்சை ட்யூப் வாங்கக் கடைக்குக் கிளம்பிட்டேன். சும்மா ஐவரி பிளாக்கோட ஓக்கரைக் கலந்து பார்த்தா பச்சை அங்கயே உட்கார்ந்திருக்கு! கொஞ்சம் வெள்ளை சேர்த்ததும் அப்படியே பரேஹாவுக்குப் பின்னாடி இருக்கிற சுவர்.

இடது கண் இன்னும் சரியில்ல. கண்ணாடியில திருப்பிப் பார்த்தா அரை நூல் மேல இருக்கு. அதைத் தொடப் பயமா இருக்கு.

கத்திரிவெயில் (சனி, மாலை 6.00)

போட்டோ பார்த்தேன். பேச்சு மாற்றுகிறவன் இல்லை நான், ஆனால் இது நன்றாக இருக்கிறது. கண்ணை இப்போதே மாற்றுங்கள், ஈரமாக இருக்கும்போது. காய்ந்த பிறகு அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும், அப்புறம் அதுதான் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

நீலாம்பரி (சனி, இரவு 8.15)

‘அவரை வெளுக்க வச்சிருக்கேன்’ என்று நீங்கள் எழுதியது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது ஆளிவிதை.

பரேஹா யார் என்று இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. அவர் வெலாஸ்கெஸின் அடிமை. வண்ணம் அரைப்பதும் கேன்வாஸ் தயார் செய்வதும் அவர் வேலை. இந்தப் படம் 1650 மார்ச் 19 அன்று ரோமில் பாந்தியன் என்ற பழைய கட்டடத்தில் வைக்கப்பட்டது. பார்த்த ஓவியர்கள் மற்றதெல்லாம் ஓவியம், இது மட்டும் உண்மை என்று சொன்னதாக, வெலாஸ்கெஸின் வாழ்க்கையை எழுதிய பலோமினோ பிற்பாடு எழுதி வைத்தார். அந்த ‘உண்மை’ சுவரில் மாட்டியிருந்த அன்று அவர் விடுதலையான ஆள் இல்லை. அதே வருஷம் நவம்பரில்தான் வெலாஸ்கெஸ் விடுதலைப் பத்திரம் எழுதினார், அதிலும் இன்னும் நான்கு வருஷம் ஊழியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பிறகு பரேஹாவே ஓவியரானார். புனித மத்தேயு அழைக்கப்படும் காட்சியை 1661-ல் பெரிதாக வரைந்தார், பிராதோவில் இருக்கிறது. அதில் இடது ஓரத்தில் கையில் ஒரு தாளோடு தன்னையே நிற்க வைத்திருக்கிறார், அந்தத் தாளில்தான் கையெழுத்து. வெலாஸ்கெஸ் வரைந்த முகத்தையும் இந்த முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரேஹா தன் நிறத்தைத் தானே வெளிறச் செய்திருக்கிறார். ஏன் என்பதற்கு ஆளுக்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எந்த விளக்கமும் முழுசாகத் திருப்தி தரவில்லை.

ஆளிவிதை (சனி, இரவு 11.50)

அக்கா, இதைப் படிச்சிட்டு ரெண்டு படத்தையும் போன்ல மாத்தி மாத்திப் பார்த்துட்டே இருக்கேன். என்ன எழுதறதுன்னு தெரியல. ஃப்ளெஷ் டின்ட் ட்யூப் இன்னும் டப்பாவுலதான் இருக்கு.

ரொறன்ரோ_தூறல் (ஞாயிறு, காலை 7.30)

அதை எறிஞ்சு போடுங்கோ தம்பி.

ஆளிவிதை (இரண்டு நாள் கழித்து, செவ்வாய், இரவு 9.40)

கண்ணை மாத்திட்டேன். நாலு இழுப்புதான், ஒரு மணி நேரம் ஆச்சு. இனி காலர் மட்டும்தான் பாக்கி. சட்டையில நிழல் போட்ட இடமெல்லாம் காய்ஞ்சதும் பொலிவில்லாம மங்கிப்போச்சு, முகம் மட்டும் பளபளன்னு இருக்கு. கெட்டுப்போச்சா? காலரை எப்ப தொடலாம்?

பழைய_தூரிகை (புதன், காலை 6.10)

கெடவில்லை. அம்பர் போட்ட இடத்தில் அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. அந்த இடம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, லின்சீடும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டு மெலிசாகத் தேய்த்துவிட்டு உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நிறம் மேலே வந்துவிடும். வார்னிஷ் இப்போது வேண்டாம், ஆறு மாதமாவது போகட்டும்.

காலருக்கு, சட்டையின் தோள்பக்கம் விரல் நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். தடம் விழவில்லை என்றால் ஆரம்பிக்கலாம். முதலில் காலர் முழுவதையும் சாம்பலில் போடுங்கள், வெள்ளை அல்ல. நன்றாகப் பரந்த பிரஷ் எடுங்கள். லேஸ் பின்ன உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆளிவிதை (புதன், காலை 6.25)

நகத் தடம் விழுது சார். ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன்.